வண்டியில் குறையில்லை

எங்கள் பக்கத்தில் டீசல் பிக்கப் வண்டிகள் அளவுக்கு மீறிப் புகை விடுவதற்குக் காரணம் ஓனர்கள்தான் என்று தெரிந்த பிறகு, வண்டி தயாரித்த கம்பெனி, வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஓனர்களைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்ய ஆரம்பித்தது. என் முறை ஆவணி மாதத்தில் வந்தது.

வண்டியில் குறையில்லை. அதை அவர்கள் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சோதனைக்கூடத்தில் நிறுத்திக் குழாயைச் செருகினால் வண்டி கைக்குழந்தை மாதிரி மூச்சு விடுகிறது. ரோட்டில் இறங்கி, பார்க்க ஆளில்லை என்று தெரிந்ததும் கன்னங்கரேலென்று தள்ளுகிறது. இந்தப் பழக்கத்தை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று பெரிய பெரிய இன்ஜினியர்கள் எல்லாம் தேடியிருக்கிறார்கள். தேடித் தேடி, கடைசியில் டிரைவர் சீட்டில் வந்து முடிந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் சிரித்துப் பேசிவிட்டு, கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் பெருமூச்சு விடுகிற ஆட்கள் நாங்கள். வண்டி பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. இதில் கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன் என் நம்பருக்குத்தான் வந்தது. ஆனால் பேச்சு என்னோடு இல்லை.

“வணக்கம் சார், சர்வீஸ் சென்டர்லருந்து நிரஞ்சனா பேசறேன். உங்க ஓனர்ல சின்னதா ஒரு குறை கண்டுபிடிச்சிருக்கோம். செலவு எதுவும் இல்ல சார், முழுக்க இலவசம். என்னைக்குக் கொண்டுவந்து விடறீங்க?”

நான் போனை பானட் மேல் வைத்தேன். வண்டி ஒரு தடவை ஹாரன் அடித்தது. அவர்கள் அதை வரும் திங்கட்கிழமை என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது செவ்வாய்க்கிழமை மாதிரி கேட்டது. ஆனாலும் வண்டியின் பேச்சில் நான் குறுக்கிடவில்லை.

என் பெயர் தவசி. சின்னமனூரில் தனிக்கட்டை. கம்பம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து திராட்சை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி இறக்கிவிட்டு வருவது என் பிழைப்பு. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதனால் முன்கண்ணாடியில் என் அக்கா மகள் நறுமுகையின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அவளுடைய காதுகுத்துதான் எனக்குக் கவலை. சர்வீஸ் சென்டருக்குப் போகிற அதே வாரம் வெள்ளிக்கிழமை நறுமுகைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும்; அந்த மடி என்னுடையது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முடியிறக்கும்போது மலையில் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. நான் திராட்சையோடு அங்கே நின்றேன். பிள்ளையை யாரோ எதிர்வீட்டுக்காரர் மடியில் வைத்து மொட்டை அடித்தார்கள். அன்றிலிருந்து மச்சான் வீரணன் என்னோடு பேசுவதில்லை. காதுகுத்துக்கும் நான் வராவிட்டால், இந்த வீட்டுக்கு மாமன் என்று ஒருத்தன் கிடையாது என்று சொல்லிவிட்டார். மச்சான் சொன்னால் சொன்னதுதான். தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஒரு கோடை முழுக்க மோரிலேயே ஓட்டியவர்.

அக்கா வீடு கம்பத்தில் மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். மச்சான் இருப்பார் என்று இறங்க மாட்டேன். ஹாரன் மட்டும் அடிப்பேன். நறுமுகை வாசலுக்கு ஓடிவந்து கையாட்டுவாள்.

திங்கட்கிழமை வண்டி என்னைத் தேனி பைபாஸில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. நான் திரும்பி வரும் வரைக்கும் தற்காலிகமாக வேறொரு ஓனர் தருகிறோம் என்று வண்டியிடம் சொன்னார்கள். ஒல்லியாக, புதுச் சட்டை போட்ட ஒருவரைக் காட்டவும் செய்தார்கள். வண்டி வேண்டாம் என்றது. எனக்கு அது பெருமையாக இருந்தது. கேட் வரைக்கும் ஒழுக்கமாகப் போய், கேட்டைத் தாண்டியதும் குப்பென்று புகை விட்டுவிட்டுப் போனது.

சாவி என் பாக்கெட்டிலேயே இருந்தது. அது எப்படி ஸ்டார்ட் ஆனது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பம். யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான்தான் அதை ஸ்டார்ட் செய்தேன் என்பதற்கும் என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை.

முதலில் எனக்கு வாட்டர் வாஷ். மேட்டில் ஏற்றி நிறுத்தி, அடிப்பாகம் வரைக்கும் பீய்ச்சி அடித்தார்கள். பிறகு கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பிக்கப் ஓனர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் உத்தமபாளையம் பீர்முகமது பாய். வாழைத்தார் ஏற்றுகிறவர். அவர் இரண்டாம் தடவையாக வந்திருந்தார்.

“போன தடவ சரிபண்ணி அனுப்புனதுலருந்து மைலேஜ் குறைஞ்சிருச்சு தம்பி. முன்னாடி நாலு இட்லியப் போட்டுட்டு வண்டியில ஏறுனா குமுளி போயிட்டுத் திரும்பிருவேன். இப்ப லோயர்கேம்ப் தாண்டலை, வயிறு காஞ்சிருது. இழுவையும் போச்சு.”

“இழுவைன்னா என்ன பாய்?”

“வீட்டுல ஒரு பேச்சு நடக்குதுன்னு வையி. முன்னாடின்னா ஒரே மூச்சுல மேடு ஏறி நின்னு பேசுவேன். இப்ப பாதியிலயே திணறி, ‘சரி, நீ சொல்றதுதான்’னு நின்டுர்றேன்.”

“வீட்டுல சந்தோஷப்பட்டிருப்பாகளே.”

“எங்கிட்டுச் சந்தோஷம். சண்டை போட ஆள் இல்லைன்னு அவதான் வண்டிகிட்டச் சொல்லி என்னயத் திருப்பி அனுப்பிட்டா.”

புதன்கிழமை எனக்குச் சோதனை. வாயில் ரப்பர் குழாயை வைத்து, வீட்டை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நினைத்துக்கொண்டேன். மூச்சு சுத்தமாக வந்தது. மலையேற்றத்தை நினைக்கச் சொன்னார்கள். அப்போதும் சுத்தம். மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு, “இவருக்கு நாம பாக்குறது தெரியுது” என்றார். பிறகு எங்கோ ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய கேபினுக்குள் என்னைத் தனியாக உட்காரவைத்து, ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். டீ குடிக்கத்தான் போனார்கள் என்று நானும் நம்பினேன். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. மச்சான் முகம் ஞாபகம் வந்தது. வாசலில் நிற்கிற பிள்ளை ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், என்னை வெளியே எடுத்தபோது கண்ணாடி உள்பக்கம் முழுக்கக் கரி படிந்திருந்தது. என் பெயரை அதில் விரலால் எழுதிப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது.

“நெஞ்சுல ஒரு சல்லடை மாட்டணும் சார்” என்றாள் நிரஞ்சனா. வயது கம்மி, ஆனால் யாரிடமும் குரலை உயர்த்தாத பெண். “மாட்டிட்டா பெருமூச்சு வெளிய வராது. ஆனா பார்ட் இன்னும் வரல. வடக்கருந்து கிளம்பிருச்சு.”

“வெள்ளிக்கெழம எனக்குக் காதுகுத்தும்மா.”

அவள் என் காதைப் பார்த்தாள். “அது நம்ம சென்டர்ல பண்றதில்ல சார்.”

அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா பவளக்கொடிக்கு எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொள்ளும் குணம். பார்ட் வரவில்லை என்றேன்.

“ஒங்க மச்சான் ஒண்ணுமே பேசாமப் பந்தக்கால் ஊண்டிக்கிட்டு இருக்காரு தம்பி. அவரு கத்துனாக்கூடச் சமாளிச்சிருவேன். பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு.”

அப்போது நான் ஒன்று சொன்னேன். வியாபாரிகளிடம் தினமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட பேச்சு அது. “கவலைய விடுக்கா. நான் வரலைன்னாலும் வண்டி வந்துரும். என் வண்டி வந்தா நான் வந்த மாதிரிதான்.”

“அவருகிட்ட அப்படியே சொல்லிரவா?”

“சொல்லு” என்றேன்.

போனை வைத்த பிறகு ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பீர்முகமது பாயிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் ஏறி, பாதியில் நின்று, “நீ சொல்றதுதான் சரி தம்பி” என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறும்போது பார்ட் வந்துவிட்டது. பின்னல் கூடை அளவுக்கு ஏதோ வரும் என்று நினைத்திருந்தேன். டீ வடிகட்டிதான், கைப்பிடி இல்லாமல். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே இறக்கி, திருகினார்கள். பிறகு புகை குறைவதற்காகப் புது டீசல் வண்டிகளில் தனி டேங்கில் ஊற்றுகிற நீலமூடித் தண்ணீரில் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தார்கள். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை.

“இது இருக்கற வரைக்கும் நீங்க சாதாரணமா இருக்கலாம் சார்” என்றாள் நிரஞ்சனா. “தீரப்போகும்போது காதுக்குப் பின்னாடி மஞ்ச லைட் எரியும். சிவப்பு எரிஞ்சா எங்கயும் உக்காந்துராதீங்க. உக்காந்தா எந்திரிக்க முடியாது. நின்னுட்டே இருந்தா ஒண்ணும் இல்ல.”

“முழுசா நெரப்பிக் குடுக்கலாம்ல?”

“ஸ்டாக் இல்ல சார். அடுத்த வாரம் வரும்.”

வெளியே அனுப்பும்போது செருப்புக்குப் பாலிஷ் போட்டு, சர்வீஸ் முடிந்த வண்டிக்குள் விரிக்கிற மாதிரி காலுக்குக் கீழே ஒரு காகிதம் விரித்தார்கள். நான் அந்தக் காகிதத்தின் மேலேயே நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

குமுளி பஸ் காலியாக வந்தது. பின்வாசலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் என் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தார்.

“மஞ்ச லைட்டு எரியுது. அம்புட்டு சீட்டும் காலியாத்தான கெடக்கு, ஒக்காரலாம்ல?”

“சீட்டுல இருக்கும்போதே செவப்பாயிருச்சுன்னா எந்திரிக்க முடியாதுண்ணே.”

“எங்க எறங்கணும்?”

“கம்பம்.”

“அப்ப நில்லு. கம்பத்துல எந்திரிக்கலைன்னா குமுளி வரைக்கும் போயிட்டுத் திரும்பத் தேனிக்கும் டிக்கெட் போடணும். எனக்குக் கணக்கு இடிக்கும்.”

சின்னமனூர் தாண்டும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்ததாக அவர்தான் சொன்னார். எனக்கு அது தெரியாது. என் காதுக்குப் பின்னால் நடப்பதை நான் எப்போதுமே அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

மச்சானுடைய குலசாமி கோயில் கம்பத்துக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. பந்தலுக்குள் நுழைந்ததும் என் வண்டியைத்தான் முதலில் பார்த்தேன். ஜமுக்காளத்தின் மேல் முன்சக்கரம் இரண்டையும் வைத்து நின்றுகொண்டிருந்தது. முன்கண்ணாடிக்கு மாலை, பானட்டில் சந்தனம், வைப்பர் இரண்டிலும் பட்டுத்துண்டு. பின்னால் பாடியில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பழத்தட்டு, பூத்தட்டு, பிள்ளைக்குப் பாவாடை சட்டை, எல்லாமே நான் எடுக்க நினைத்தபடிதான். திராட்சை மட்டும் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. அது வண்டியின் யோசனை.

டிரைவர் கதவு திறந்திருந்தது. சீட்டில் நறுமுகை உட்கார்ந்திருந்தாள். ஆசாரி வண்டிப் படியில் ஒரு காலை வைத்து நின்று அப்போதுதான் வலது காதைக் குத்தி முடித்திருந்தார். பிள்ளை அழவில்லை. வாயில் வெல்லக்கட்டி இருந்தது.

“பிள்ளை சமத்து” என்றார் ஆசாரி. “மாமன் மடியில ஒக்காந்ததுலருந்து அசையவே இல்ல.”

மச்சான் என்னைப் பார்த்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்க்கிறோம். அழுத்திக்கொண்டு வந்த மூச்சு சல்லடையில் போய் முட்டி நின்றது.

“பார்ட் வந்துருச்சு மச்சான்” என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்து, ஆனால் எனக்குக் கேட்கும்படி பேசினார். “வண்டி வந்தா அவன் வந்த மாதிரின்னு சொன்னான். வண்டி நேரத்துக்கு வந்துச்சு. அதனால அவன் வந்துட்டான்னு நான் கணக்கு வச்சுக்கிட்டேன். இப்ப இவனும் வந்து நின்னா ரெண்டு தடவ வந்த மாதிரி ஆகுது. ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்மாமன்தான?”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் குழப்பமாக இருந்தது. சொந்தக்காரர்கள் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஜாடை ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள் போல. வண்டிக்கு மாலை போட்டிருந்தது. எனக்குக் கழுத்தில் அட்டைதான் தொங்கியது.

அக்காதான் யோசித்துச் சொன்னாள். “ஒரு காதுதான முடிஞ்சிருக்கு? வலது காது வண்டி மடியில ஆச்சு. எடது காதுக்குத் தம்பி ஒக்காரட்டும். ரெண்டு காதுக்கும் சேத்து ஒரு மாமன்னு வச்சுக்கங்க.”

மச்சான் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். பிறகு ஆசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். பந்தலுக்கு நடுவில் மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள்.

நறுமுகை சீட்டிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். என்னைக் கீழிருந்து மேல்வரைக்கும் பார்த்தாள். அவளுக்கு என் ஹாரன் சத்தம் தெரியும், முகம் தெரியாது.

“நீ யாரு?”

வண்டியை எதிரில் வைத்துக்கொண்டு மாமன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. “மாமாவோட ஓனரு” என்றேன்.

அவள் ஒத்துக்கொண்டாள். “ஒன் காதுக்குப் பின்னாடி செவப்பு லைட்டு எரியுது.”

சிவப்பா என்று கேட்டேன். சிவப்புதான் என்றாள். அந்த வயதில் அவர்களுக்குக் கலர் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

நான் பலகையைப் பார்த்தேன். உட்கார்ந்தால் அவ்வளவுதான். திங்கட்கிழமை லோடு இருக்கிறது, வீட்டில் கொடியில் துணி கிடக்கிறது, நீலத் தண்ணீர் அடுத்த வாரம் வருகிறதோ இல்லையோ. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, நான் உட்காருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தேன். சம்மணம் போட்டு, வேட்டியை இழுத்துவிட்டு, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். நாலு வருஷத்துக் கனம் ஒரே நாளில் வந்து உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஆசாரி இடது காதைத் தேய்த்துக் குத்தினார். இந்தத் தடவை அழுதாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, மாமா” என்று அழுதாள். யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நெஞ்சு நிறைந்து, இத்தனை வருஷத்துப் பெருமூச்சும் ஒன்றாகச் சேர்ந்து மேலே கிளம்பி, சல்லடையில் முட்டி, வழி இல்லாமல் நின்றது. அப்போது வண்டி, ஸ்டார்ட் ஆகாமலேயே, பின்னால் குப்பென்று ஒரு புகை விட்டது. பந்தல் முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. விலகியபோது எல்லோருடைய வெள்ளை வேட்டியும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. எல்லோரும் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்கள்.

மச்சான் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். மீசையில் கரி இருந்தது.

“பந்திக்கு வா மாப்ள.”

மாப்ள என்று கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. “எந்திரிக்க முடியாது மச்சான்” என்றேன்.

“எப்பவுமா?”

“தண்ணி வர்ற வரைக்கும். வருமான்னு தெரியல.”

அவர் குனிந்து என் காதுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நான் இதுவரை அவர் முகத்தில் பார்த்திராத ஒரு நிம்மதியோடு சொன்னார். “அப்ப இனிமே நம்ம வீட்டு விசேஷம் எல்லாத்தையும் இங்கனயே வச்சுக்கிருவோம். நீ வராமப் போக முடியாதுல்ல.” தானே போய் இலை கொண்டுவந்து போட்டு, தானே சோறு வைத்தார்.

நான் இரண்டாம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டிக்கு என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு பானட் மேல் வைத்தாள்.

“வணக்கம் சார், நிரஞ்சனா பேசறேன். உங்க ஓனரை இன்னைக்கு டெலிவரி குடுத்திருந்தோம். ஒரே ஒரு கேள்வி சார். உங்க ஓனரை மத்த வண்டிகளுக்குச் சிபாரிசு பண்ணுவீங்களா?”

நான் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். மடியில் நறுமுகை தூங்கிவிட்டிருந்தாள். மழையிலும் மலையிலும் நான் அதை ஓட்டிய ஓட்டம் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அதிகப் பாரம் ஏற்றியதும் ஞாபகம் வந்தது.

வண்டி ஹாரன் அடித்தது. நிறுத்தாமல், நீளமாக, வழக்கமாக அக்கா வீட்டைத் தாண்டும்போது நான் அடிக்கிற அதே மாதிரி அடித்தது. நறுமுகை தூக்கத்திலேயே கையை ஆட்டினாள்.

“ரொம்ப நன்றி சார்” என்றாள் நிரஞ்சனா.

பிள்ளையை அக்கா தூக்கிக்கொண்டு போனாள். வெயில் தாழ்ந்தபோது தோப்பு வாசலில் ஒரு புது பிக்கப் வந்து நின்றது. என் வண்டியின் சிபாரிசைக் கேட்டு ஷோரூமிலிருந்து நேராக வந்திருக்கிறது. சீட்டில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. என் வண்டி நகர்ந்து அதற்கு வழி விட்டது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே அதன் இரண்டு சைடு கண்ணாடிகளையும் காதுமடல் மாதிரி தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் முதலில் என்று என்னைக் கேட்டார். வலது என்றேன். மடி காலியாகத்தான் இருந்தது. புது வண்டி அதை நோக்கிப் பைய ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்தது. நான் இலையை ஒதுக்கிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.